எந்தக் கையில் போட்டார்கள்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்தில் தடுப்பூசி முகாம் நடத்திய, இனியும் நடத்தப்போகிற தமிழ்ச் சங்கத்தார், நற்பணி மன்றத்துப் பிள்ளைகள், கோயில் கமிட்டியார், சொசைட்டிச் செயலாளர்கள் அனைவருக்கும்,



உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். தாராவி 90 அடி ரோட்டில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, செம்பூரில் குடியேறியவன். 2021-இல் கொரோனா தடுப்பூசி முகாம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோவின் தளத்தில் பெயர் பதிந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். "அண்ணாச்சி, ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் சரியாகவும் ஆனது. சரியாகாத சிலரைப் பற்றித்தான் இந்த மடல். நானும் பிறகு அந்தச் சிலரில் ஒருவனானேன்.

என் கதை சின்னது. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு தனியார் கிளினிக்கில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். முழுக்கைச் சட்டை. கையை மடித்துவிடச் சோம்பல்பட்டு, மேல் பொத்தான்களைக் கழற்றித் தோளை மட்டும் காட்டினேன். நான் உட்கார்ந்திருந்தேன், ஊசி போட்டவர் நின்றுகொண்டிருந்தார். தோளெலும்பை ஒட்டி ஊசி இறங்கியது. அன்று இரவே வலி தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் போகவேண்டிய வலி மூன்றாம் வாரமும் இருந்தது. ஹார்பர் லைனில் மேலே தொங்கும் கைப்பிடியை அந்தக் கையால் எட்ட முடியவில்லை. பனியன் போட மனைவி உதவ வேண்டியிருந்தது.

எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கையில் போட்டார்கள்? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" பில்லைக் காட்டினேன். ஊசியின் பெயர் இருந்தது, விலை இருந்தது, எந்தக் கை என்பது இல்லை. வீட்டுக்கு வந்து பழைய கோவின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். தடுப்பூசியின் பெயர், நாள், இடம், போட்டவர் பெயர், பிரதமரின் படம் எல்லாம் இருந்தன. கை அதிலும் இல்லை. ஆயிரக்கணக்கான பெயர்களைப் பதிந்த எனக்கு ஒருநாளும் அது உறைத்ததில்லை.

இந்தப் பாதிப்புக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. 2010-இல் 13 பேரின் நிலையை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், தடுப்பூசி போடும் முறையால் வரும் தோள்பட்டைக் காயம் என்று இதற்குப் பெயரிட்டார்கள். சுருக்கமாக 'சிர்வா'. ஊசி இறங்க வேண்டிய இடம், தோளின் மேல்முனை எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை திரண்டிருக்கும் நடுப்பகுதி. அதற்கு மேலே குத்தினால், எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே உராய்வைத் தடுக்கும் மெல்லிய நீர்ப்பைக்குள் மருந்து போய்விடக்கூடும். நம்மை நோய்க்கு எதிராக உசுப்பவேண்டிய மருந்து, போகக்கூடாத இடத்தில் போய் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் வலி. சிலருக்குத் தோள் இறுகிக் கை தூக்கவே முடியாமல், 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று டாக்டர்கள் சொல்லும் நிலைக்குப் போகிறது. அது தளர ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும்.

ஊசி மேலே ஏறிப்போவதற்கான காரணங்கள் மிகச் சாதாரணமானவை. போடுபவர் நிற்கிறார், போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருக்கிறார். இறுக்கமான கை வைத்த சுடிதாரோ ரவிக்கையோ அணிந்த பெண், கூட்டத்தில் கூச்சப்பட்டுக் கழுத்துப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் இழுத்துவிடுகிறார். வெளியே தெரிவது தோளின் உச்சிதான், ஊசியும் அங்கேதான் இறங்குகிறது. திரை கட்டாத முகாம்களில் எத்தனை பெண்கள் அப்படி உட்கார்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். திரைக்குக் கயிறு வாங்காதது நாம்தான்.

இதைப் படித்துவிட்டு, "அப்பவே சொன்னேன், ஊசியே போடக்கூடாது" என்று யாராவது கிளம்பினால், அவருக்கு இந்த மடலில் ஒரு வரியும் இல்லை. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது நம் சால் குடியிருப்புகளில் நிலவிய பயம் நமக்குத்தான் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் தள்ளி நில் என்றால் எங்கே தள்ளி நிற்பது? தடுப்பூசி வந்தபோதுதான் மூச்சு வந்தது. எனக்குக் காயம் தந்தது மருந்து அல்ல, அது போடப்பட்ட விதம். அடுத்த வருடமும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். சட்டைக் கையை முழுக்கச் சுருட்டிவிட்டு, போடுபவரை உட்காரச் சொல்லிவிட்டு.

மருந்து வேறு, கை வேறு என்ற இந்தப் பாடத்தை முதலில் கற்றிருக்க வேண்டியது நம் ஊர். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது வால்டெமர் ஹாஃப்கின் இங்கேதான் அதற்குத் தடுப்பூசி கண்டார். 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். பழி முழுவதும் பரேலில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது, வேலையும் போயிற்று. மருந்து பரேலில் கெடவில்லை, முல்கோவாலில் புட்டியைத் திறந்தபோது கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தப்படுத்தாமல் பயன்படுத்தியதே காரணம் என்ற வாதம் மெல்ல வலுப்பெற்றது. மருத்துவ அறிஞர் ரொனால்டு ராஸ் போன்றவர்கள் எழுதிப் போராடிய பின் 1907-இல்தான் ஹாஃப்கின் மேலிருந்த களங்கம் நீங்கியது. மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. தவறு எந்த இடத்தில், யார் கையில் நடந்தது என்று உடனே பார்த்துப் பதிந்திருந்தால், ஒரு நல்ல மருந்தின் பெயரும் ஒரு நல்ல மனிதரின் பெயரும் அத்தனை வருடம் கெட்டுக் கிடந்திருக்காது. காயத்தை ஒத்துக்கொண்டால் தடுப்பூசியின் பெயர் கெட்டுவிடும் என்று நினைக்கும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். மூடி மறைப்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

சரி, காயம் பட்டவருக்கு யார் பதில் சொல்வது?

தடுப்பூசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தடுப்பூசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம், பாதிப்புகளுக்கு அரசை நேரடிப் பொறுப்பாளி ஆக்க முடியாது, இழப்பீடு வேண்டுவோர் சிவில் நீதிமன்றம் போன்ற வழிகளை நாடலாம் என்பது அதன் சாரம். அவரவர் விருப்பமாம். 2021 ஆகஸ்ட் 15 முதல் மும்பை லோக்கலில் ஏற வேண்டுமானால் இரண்டு டோஸும் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்று மாநில அரசு விதித்ததை நாம் மறக்கவில்லை. சயான் ஸ்டேஷனிலும் செம்பூர் ஸ்டேஷனிலும் சான்றிதழைக் காட்டித்தான் பாஸ் வாங்கினோம். ரயில் இல்லாமல் தாராவித் தொழிலாளிக்கு வேலை இல்லை. அன்று ஊசிதான் டிக்கெட். அந்த உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்ட முறையை 2022 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றமே கண்டித்தது. அதே ஆண்டு மே 2 அன்று, யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் எல்லாரும் போட்டுக்கொண்டாயிற்று.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன? அமெரிக்காவில் 1986-இல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி வாங்கி ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். இழப்பீடு அதிலிருந்து போகிறது. தோள்பட்டைக் காயம் 2017 மார்ச்சில் அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக்கூடாது, ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும், வேறு நோய் காரணமாக இருக்கக்கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருந்தால் மனுப் போடலாம். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். நர்ஸ் தவறு செய்தார் என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. நியாயமான மனு என்றால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியே கொடுக்கிறது.

அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. ஊசி போட்டவரின் கைத்தவறுக்குத் தடுப்பூசி நிதி ஏன் பணம் தரவேண்டும் என்று கேட்டு, அந்த நாட்டுச் சுகாதாரத் துறையே 2020-இல் தோள் காயத்தைப் பட்டியலிலிருந்து நீக்கப் பார்த்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. கொரோனா ஊசியோ அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. அதற்கு வேறு திட்டம், ஒரே வருடக் கெடு. பிரிட்டனில் 1979-லிருந்து சட்டம் உண்டு, 1,20,000 பவுண்ட் கிடைக்கும். ஆனால் உடல் 60 விழுக்காடு முடங்கியிருக்க வேண்டும், ஒரு தோள் போனால் அந்தக் கணக்கில் சேர்வது கடினம்.

இந்த மாதிரித் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. காயம் பட்டவர்தான் தவறை நிரூபிக்க வேண்டும். அதற்கு இருக்கும் வழிகளை, வக்கீல் அல்லாத நான் வக்கீல்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட ஊசி என்றால் நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் எப்போதும் இலவசமாகவே சேவை செய்யும் இடம் என்றால் வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனை என்றால், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோர்தான். நீங்கள் நடத்தும் முகாமில் சொசைட்டியோ கம்பெனியோ பணம் கட்டியிருந்தால், ஊசி போட்டுக்கொண்டவர் அதன் பயனாளி என்ற முறையில் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். கட்டணம், நாம் சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது 5 லட்சம் வரை இருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டாம். எந்த ஊசி 5 லட்சம் ஆகிறது? கெடு இரண்டு வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், மன்னித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

மாநகராட்சி மையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டவர் நிலைதான் கஷ்டம். சிவில் வழக்குத்தான் வழி. 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவு, ஒரு மாதம் முன்னறிவிப்பு கொடுக்கச் சொல்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடவும் சொல்கிறது. அமெரிக்காவில் ஆறு மாதம் வலித்த பிறகே மனு. இங்கே ஆறு மாதத்தில் கதவு சாத்தப்படுகிறது. இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு அந்த ஆறு மாதம் போவதே தெரியாது.

அரசு மருத்துவமனை என்றால் ஒன்றும் நடக்காது என்று சோர்ந்துவிட வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லாமல் விட்டதால் பார்வை போனது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. தோள் வலிக்கு அவ்வளவு கிடைக்கும் என்று யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். அந்தத் தீர்ப்புக்குப் பெற்றோர் 19 வருடம் காத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணையத்தின் 15100 எண்ணை அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தரச் சட்டம் சொல்கிறது.

எந்த வாசலுக்குப் போனாலும் எதிர்த்தரப்பு கேட்கப்போவது ஒன்றுதான். "உங்களுக்குச் சர்க்கரை உண்டே? சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் தானாகவே இறுகுமே?" அது உண்மையும்கூட. நம் தெருவில் நாற்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். தலையில் இட்லிப் பாத்திரம் சுமப்பவர், தோல் பட்டறையில் கத்தி இழுப்பவர், தையல் மிஷினில் குனிந்து கிடப்பவர் எல்லாருடைய தோளுக்கும் ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. "ஊசி போட்ட மறுநாள்தான் வலி வந்தது, அதற்கு முன் கை நன்றாக இருந்தது" என்று வாயால் சொன்னால் போதாது. தேதி போட்ட காகிதம் பேச வேண்டும்.

ஆகவே பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை: வலி இரண்டு மூன்று நாளில் போகவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போய், ஊசி போட்ட நாள், எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். குத்திய இடத்தின் தடம் மறைவதற்குள், தோளெலும்பும் சேர்ந்து தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதி இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பாதிப்பைப் பதியுங்கள், வார்டு சுகாதார அதிகாரியிடமும் எழுதிக் கொடுங்கள். தடுப்பூசிப் பாதிப்புகளை ஆராயும் குழுக்களின் வகைப்பாட்டில், ஊசி போடும் முறையில் நேர்ந்த தவறு என்றே ஒரு பிரிவு இருக்கிறது. யாரும் எழுதிக் கொடுக்காததால் அது காலியாகக் கிடக்க வேண்டாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். பாதிக்கப்பட்டவர் தனியாக இதையெல்லாம் செய்யமாட்டார். வேலைக்குப் போவார், வலியோடு சுமப்பார். அவரை நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் நாம். ஊசி போட்டவர் வேறு முகாமுக்குப் போய்விட்டார், கிளினிக் இடம் மாறிவிட்டது. அதே தெருவில் இருப்பது நாம் மட்டுமே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்ந்தவர்கள், அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி என்று நோட்டில் எழுதுகிறோம். ஊசிக்கு எழுதினோமா?

அடுத்த முகாமுக்கு என் கோரிக்கைகள் நான்கு. ஊசி போடுபவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பெண்களுக்குத் திரை கட்டுங்கள், கை முழுவதும் வெளியே வந்த பிறகே ஊசி என்று சொல்லுங்கள். சங்கத்துக்கென்று தனிப் பதிவேடு வைத்து, பெயர், நாள், ஊசியின் பெயர், தொகுதி எண், போட்டவர் பெயர் என்று எழுதி, கடைசியில் 'எந்தக் கை' என்றும் ஒரு கட்டம் போடுங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும் போன் செய்து, கை தூக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்று யார் சொன்னாலும் அன்றைய தேதியோடு எழுதி வையுங்கள்.

இதோடு இன்னொன்று. ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருபவர்களிடம் ரேஷன், குழாய்த் தண்ணீர், தாராவி மறுசீரமைப்பு எல்லாம் பேசுகிறோம். தவறை நிரூபிக்கச் சொல்லாமல் இழப்பீடு தரும் சட்டம் ஒன்று வேண்டும் என்றும், 527-ஆம் பிரிவின் ஆறு மாதக் கெடு இந்த மாதிரிக் காயங்களுக்குப் போதாது என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஊரைக் காக்க ஊரார் எல்லாரும் கை நீட்டினோம். அதில் நூற்றில் ஒருவரோ லட்சத்தில் ஒருவரோ கை முடங்கினால், அந்தச் செலவும் ஊருடையதுதான்.

என் தோள் முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஈரத் துணியை உயரக் கொடியில் போடும்போது மட்டும் இன்னும் பிடிக்கிறது. நான் வழக்குப் போடவில்லை. போடலாம் என்று எனக்குத் தெரிந்தபோது இரண்டு வருடம் கடந்துவிட்டிருந்தது. உங்கள் முகாமுக்கு வருகிற யாருக்கும் அப்படி ஆகக்கூடாது. அடுத்த முகாமுக்கு நோட்டு வாங்கும்போது அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். கோடு போட ஆள் இல்லை என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
முகாம் வாசலில் பெயர் பதிந்த உங்களில் ஒருவன்
செம்பூர், மும்பை